அகலமான பலகை எல்லாப் பனிக்கும் ஆகுமா?

கழுகுமலையில் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கரிசல் காட்டுக்குள் செருப்போடு இறங்கினால் என்ன ஆகும்? பத்து அடி நடப்பதற்குள் களிமண் அப்பிக்கொண்டு காலை இழுக்கும். ஊர்க்காரர்கள் பேசாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அதே ஆட்கள் சித்திரை வெயிலில் மலைப்பாறையில் ஏறுவதென்றால் செருப்பைத் தேடுவார்கள். தரை மாறினால் காலில் இருப்பதும் மாற வேண்டும். அவ்வளவுதான் விஷயம்!

பனிச்சறுக்கிலும் இதே கதைதான். இந்தியாவில் அதற்குப் பேர் போன இடம் காஷ்மீரின் குல்மார்க். அங்கே கேபிள் காரில் ஏறினால் அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். புதுப்பனி மாவு மாதிரி கிடக்கும். அதைத்தான் 'பவுடர்' என்கிறார்கள். வீடியோக்களில் அகலமான பலகையில் அதன்மேல் மிதந்து வருபவர்களைப் பார்த்துவிட்டு, முதல்முறை போகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். இது தப்பு.

சின்னக் கணக்கு ஒன்று. 70 கிலோ ஆள் வெறும் ஷூவோடு நின்றால் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 175 கிராம் எடை இறங்கும். இடுப்பளவு புதைவார். 180 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலமுள்ள இரண்டு பலகைகளில் நின்றால் சுமார் 28 கிராம். அகலம் 11 செ.மீ. ஆனால் 18 கிராம்தான். மிதக்கும் ரகசியம் இதுதான். 2002-ல் ஷேன் மெக்கான்கி என்ற வீரர், தண்ணீரில் சறுக்கும் பலகையை மனதில் வைத்து 'ஸ்பாட்டுலா' என்ற அகலப் பலகையை உருவாக்கியதும் இந்த மிதப்புக்காகத்தான்.

ஆனால் பவுடர் நிலைக்காது. நாலு பேர் சறுக்கினால் அமுங்கும். பகல் வெயிலில் இளகி, ராத்திரி உறைந்து, காலையில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும். அங்கே பலகையின் விளிம்புதான் பிடி. பலகை அகலமானால் விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளிப் போகும். சாய்க்க அதிக பலம் வேண்டும், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பத் தாமதமாகும், முழங்காலுக்கும் வேலை கூடும். போட்டியில் வளைந்து வளைந்து இறங்குபவர்கள் 7 செ.மீ.க்கும் குறைவான பலகையை எடுப்பது சும்மா இல்லை.

இரண்டுக்கும் நடுவே, கலைந்து கட்டியான பனியிலும் ஈரமான கனத்த பனியிலும் அகலம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் பலகை லேசாக இருந்தால் கட்டியில் மோதித் துள்ளும். அங்கே அகலத்தோடு விறைப்பும் வேண்டும்.

சரி, எதை எடுப்பது? கற்றுக்கொள்பவருக்கு 8 செ.மீ.க்குள் போதும். ஓரளவு பழகியவருக்கு ஒரே ஜோடிதான் என்றால் 9 முதல் 10. அதற்கு மேல் போவது பவுடரையே தேடிப் போகிறவர்களுக்கு. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் தரை காய்ந்து கிடந்தது. அப்போது எந்த அகலம் உதவியிருக்கும்?

இன்னொன்றும் உண்டு. அகலப் பலகை ஆழமான பனிக்குள் சுலபமாகக் கூட்டிப்போகும். பனிச்சரிவு வருவதும் அங்கேதான். குல்மார்க்கில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். பலகை பனியில் மிதக்க வைக்கும். சரிந்து வரும் மலையிடமிருந்து காப்பாற்றாது.

முதலில் தரையைப் பார்க்க வேண்டும். பலகை அப்புறம்.