பெரியம்மா கட்டின பன்னிரண்டாயிரம்

நெல்லு, மாடு, வாய்க்கால்னு எழுதுறவன் திடீர்னு இன்சூரன்ஸ் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. போன வாரம் எங்க தெருப் பையன் ஒருத்தன் புதுச்சட்டை, தோள்ல பையோட வந்தான். ஏஜென்ட் ஆயிட்டானாம். அவனைப் பார்த்ததும் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு.

2012-ல மேட்டூர் அணையை ஜூன் 12-ல திறக்கலை. செப்டம்பர் 17-லதான் திறந்தாங்க. டெல்டாவுல எங்களுக்குக் குறுவை போச்சு. கையில காசில்லாத நேரத்துல டவுன்ல ஒரு தனியார் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். ஐயாயிரத்துக்கும் குறைவா சனம் உள்ள ஊர்னா பத்தாவது படிப்பு போதும்னாங்க. பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கிட்டேன்.

முதல் நாள் பாலிசியைப் பத்திப் பேசவே இல்லை. "தெரிஞ்சவங்க நூறு பேரோட பேரை நோட்டுல எழுதுங்க"ன்னாங்க. மாமா, மச்சான், சித்தப்பா, கூடப் படிச்சவன்னு எழுதினேன். அந்த நோட்டுக்காகத்தான் என்னைச் சேர்த்தாங்கன்னு அப்ப உறைக்கலை.

என் ஒண்ணுவிட்ட பெரியம்மா ஒருத்தங்க. பால் ஊத்திச் சேர்த்த காசு வச்சிருந்தாங்க. இருபது வருஷ பாலிசி, வருஷத்துக்குப் 12,000 ரூபாய். "பேங்க்ல போடுற மாதிரிதான் பெரியம்மா"ன்னு சொன்னது நான்தான். பிடிக்கலைன்னா 15 நாள்ல திருப்பிக் கொடுக்கலாம்னு அப்ப ஒரு விதி இருந்துச்சு. அதை மட்டும் சொல்லலை. மறுவருஷம் மாடு செத்துப்போச்சு, அவங்களால பணம் கட்ட முடியலை. அன்னைக்கு இருந்த விதிப்படி அந்த பாலிசிக்கு மூணு வருஷம் கட்டியிருந்தாத்தான் ஏதாவது திரும்பும். பன்னிரண்டாயிரமும் போச்சு. அதுல எனக்குக் கமிஷன் 3,600. அதை வச்சுத்தான் பையனுக்கு ஃபீஸ் கட்டினேன்.

பெரியம்மா ஒரு வார்த்தை திட்டலை. "போனாப் போவுது தம்பி, உனக்காகத்தானே போட்டேன்"னாங்க.

இந்தக் கமிஷன் முறையே தப்புன்னுதான் நான் சொல்லுவேன். எனக்கு முதல் வருஷம் நூத்துக்கு முப்பது, அடுத்த ரெண்டு வருஷம் ஏழரை, அப்புறம் அஞ்சு. நடவு அன்னைக்கே மொத்தக் கூலியையும் கொடுத்துட்டா எவன் களை பறிக்க வருவான்? ஏஜென்ட் கெட்டவனா இருக்கணும்னே அவசியமில்லை. மார்ச் மாசம் டார்கெட் முடியலைன்னு என் பேருலயே ரெண்டு பாலிசி போட்டேன். ரெண்டும் பாதியில நின்னுபோச்சு.

பட்டணத்துல இருக்கிற உங்களையும் அத்தை பையனோ கூட வேலை பாக்குறவரோ தேடி வருவாங்க. பாவம்னு கையெழுத்துப் போடாதீங்க. நீங்க இறந்துட்டா குடும்பத்துக்கு எவ்வளவு வேணும்னு கணக்குப் போட்டு, அதுக்கு மட்டும் டேர்ம் பாலிசி எடுங்க. அவங்களுக்கு உதவணும்னு தோணினா காசாவே கொடுத்துடுங்க. உங்களுக்கு நஷ்டம் கம்மி.

2024 அக்டோபர் 1-லேர்ந்து ஒரு வருஷம் கட்டி நிறுத்தினாலும் கொஞ்சம் திரும்பும்னு விதியை மாத்தியிருக்காங்க. நல்லதுதான். பெரியம்மாவுக்கு உதவாது.

அந்த சம்பா அறுப்புல ஆறு மூட்டை நெல்லு கொண்டுபோய் அவங்க வீட்டுல இறக்கினேன். ரெண்டு மூட்டை போதும்னு மீதியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் அப்பவே அந்த வேலையை விட்டுட்டேன். ஆனா நோட்டுல இருந்த பாதிப்பேர் இப்பவும் என்னைக் கண்டா ஏதோ அவசர வேலைன்னு சைக்கிளை மிதிக்கிறாங்க.

பையனுக்குக் காபி கொடுத்தோம். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரு நாலு சொல்லுங்க பெரியப்பா"ன்னு நோட்டைத் திறந்தான். ஒருத்தர் பேரும் சொல்லலை. பெரியம்மா கதையைத்தான் சொன்னேன். காபி ஆறிப்போச்சு, அப்படியே வச்சுட்டுப் போயிட்டான்.