மாசாய் மாராவும் மாமாவோட ராகிக் கொல்லையும்

போன ஆகஸ்ட்ல கென்யா போயிட்டு வந்தேன். ஆபீஸ் செலவுல இல்லீங்க, பொட்டி தட்டிச் சேர்த்த சொந்தக் காசு. ரெண்டரை லட்சம் பணால். சரி, நாலு படத்தைப் போட்டு ஒரு பயணக் கட்டுரை தேத்திடலாம்னுதான் உட்கார்ந்தேன். அது வேற எங்கயோ போயிடுச்சு.

மாசாய் மாராவைப் பத்திக் குறையா ஒண்ணும் சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல். நடுநடுவே குடை விரிச்ச மாதிரி வேல மரம். அதுக்குக் கீழே கால் நீட்டிப் படுத்திருக்கும் சிங்கம். பத்து லட்சத்துக்கும் மேலான வில்டபீஸ்ட்கள் செரங்கெட்டியில் இருந்து புல்லையும் மழையையும் தேடிக் கிளம்பி வந்து, முதலைக்குத் தப்பி மாரா ஆத்தைத் தாண்டுது. பார்க்கும்போது தொண்டை அடைச்சது நிஜம். சுத்தி நாப்பது ஜீப் நின்னதும் நிஜம் :-)

நவம்பர்ல தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கிற மாமா ஊருக்குப் போனேன். ராத்திரி பரண்ல உட்கார்ந்துக்கிட்டு செல்போன்ல படமெல்லாம் காட்டினேன். சிங்கத்துக்கு ஒண்ணும் சொல்லலை. யானை வந்ததும் போனைக் கையில வாங்கிக்கிட்டார்.

"ஏம்ப்பா, குட்டியோட நிக்கிற பொட்டைக்கும் தந்தம் இருக்குதே?"

ஆமாம் மாமா, அங்கே பொண்ணுக்கும் உண்டுன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தார்.

"இதுக்கா ரெண்டரை லட்சம் குடுத்தே? இந்தப் பரண்ல பத்து நாள் தூங்காம இருந்திருந்தா சும்மாவே பாத்திருக்கலாம்."

சிரிச்சேன். அவர் சிரிக்கலை. நான் போறதுக்கு நாலு நாள் முன்னாடிதான் முக்கால் ஏக்கர் ராகி ஒரே ராத்திரியில போயிருந்தது. தின்னது கொஞ்சம், மிதிச்சது மிச்சம்.

இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசில்லை. வருஷாவருஷம் ராகி கதிர் முத்துற சமயத்துல பன்னேர்கட்டா பக்கத்துல இருந்து யானைக் கூட்டம் கிளம்பும். ஜவளகிரி, தளி, ஊடேதுர்கம், சானமாவுன்னு வந்து, சிலது ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையையே தாண்டும். பகல்ல காட்டுல, ராத்திரியில கொல்லையில. பிப்ரவரி வாக்குல திரும்பும். அதுங்களுக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் எல்லாம் தெரியாது.

கவனிச்சீங்கன்னா ரெண்டும் ஒரே கதைதான். தீனியைத் தேடி, ஒரு நாட்டு எல்லையையோ மாநில எல்லையையோ தாண்டி, பருவம் தவறாம வர்ற மிருகங்கள். அங்கே அதுக்குப் பேரு 'மகா இடப்பெயர்ச்சி'. இங்கே 'காட்டு யானைகள் அட்டகாசம்'. அங்கே டிக்கெட், இங்கே பட்டாசு.

இன்னொரு வேடிக்கை. ராகியே கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்து வந்த பயிர்தான். ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி அந்த மேட்டு நிலத்துல பயிராகி இங்கே வந்து நம்ம களியாச்சு. அது மட்டுமில்லை, நாம வறண்ட காடு, முள்ளுக்காடுன்னு ஒதுக்கற இடத்துல பலதும் உண்மையில சவானா வகைதான்னு சூழலியல்காரங்க சொல்றாங்க. இடைவெளி விட்டு மரம், கீழே புல். அதாவது நான் ரெண்டரை லட்சம் குடுத்துப் பார்க்கப் போனதோட சொந்தக்காரங்க மாமா வீட்டுக் கொல்லைப்புறத்துலயே இருக்காங்க.

சின்ன இடமும் இல்லை. காவிரி வடக்கு சரணாலயம் 2014ல் அறிவிச்சது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022ல், சுமார் 686. ரெண்டையும் கூட்டினா 1,190. மாசாய் மாரா தேசியக் காப்பகமே சுமார் 1,510தான்.

"அப்ப இங்கேயும் ஜீப் சஃபாரி விட்டுடலாமே பாஸ்"னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். அது இல்லை நான் சொல்ல வர்றது. மாராகிட்ட கத்துக்க வேண்டியது ஜீப் இல்லை, வாடகை.

மாரா காப்பகத்தைச் சுத்தி இருக்கிற நிலத்துல பெரும்பகுதி மாசாய் மக்களோட சொந்த நிலம். 2000களின் நடுவுல இருந்து அவங்க நிலத்தைச் சேர்த்து 'கன்சர்வன்சி'ன்னு அமைக்க ஆரம்பிச்சாங்க. வேலி போடாதே, விக்காதே, மிருகம் நடக்க வழி விடுன்னு ஒப்பந்தம். பதிலுக்கு விடுதிக்காரங்க மாசாமாசம் நில வாடகை தர்றாங்க. அதுலயும் சண்டை சச்சரவு உண்டுதான், கொரோனாவுல டூரிஸ்ட் நின்னதும் வாடகையும் ஆட்டம் கண்டது. ஆனா அடிப்படை நியாயம் ஒண்ணு இருக்கு. மிருகத்தோட வாழற செலவை, பக்கத்துல இருக்கிறவன் தலையில மட்டும் கட்டலை.

இங்கே அந்தச் செலவு முழுக்க மாமா தலையில. நஷ்ட ஈட்டுக்கு மனு, சிட்டா, போட்டோ, அலைச்சல். பணம் வரும்போது அடுத்த விதைப்பே முடிஞ்சிருக்கும். பொறுமை போனவன் கள்ளத்தனமா மின்வேலி போடறான். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்துல அப்படிப்பட்ட வேலியில சிக்கி மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டி மட்டும் மிஞ்சிச்சு. அந்த வேலியை நியாயப்படுத்தலை. ஆனா அந்தக் கோபம் எங்கே இருந்து வருதுன்னு பரண்ல உட்கார்ந்தா புரியுது.

என்னோட யோசனை சிம்பிள். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல லாபம் பார்க்கிற கம்பெனிங்க சராசரி லாபத்துல ரெண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவு பண்ணணும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியல்ல உண்டு. ஓசூர் சிப்காட்டுல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் எத்தனை கம்பெனி! வருஷம் ஒருதடவை டீ-ஷர்ட் போட்டு, புல் வளர வேண்டிய இடத்துல மரக்கன்னு நட்டு போட்டோ எடுக்கிறோம் (நானும் நட்டிருக்கேன்). அந்தக் காசுல ஒரு பங்கை, யானை வழியில நிலத்தை விக்காம, வேலி போடாம வெச்சிருக்கிற விவசாயிக்கு வருஷ வாடகையா குடுங்க. பிச்சை இல்லை, கூலி.

இப்ப உண்மையைச் சொல்லிடறேன். தளி ரோட்டுப் பக்கம் ஒரு லேஅவுட்ல 1,200 சதுரடிக்கு நானும் அட்வான்ஸ் குடுத்திருந்தேன். 'காட்டைப் பார்த்த மனை'ன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தான். யானை வருமான்னு கேட்டதுக்கு, "முன்ன வரும் சார், இப்ப வேலி போட்டாச்சு"ன்னார் புரோக்கர். அப்ப நிம்மதியா இருந்துச்சு. அங்கே வர முடியாத யானை அப்புறம் எங்கே போகும்னு அன்னைக்குத் தோணலை. முக்கால் ஏக்கர் ராகியைப் பார்த்தப்பதான் தோணிச்சு.

மனை வேண்டாம்னு சொல்லிட்டேன். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் திரும்ப வராதுன்னுட்டாங்க. மாமாகிட்ட சொன்னேன்.

"நீ வாங்கலன்னா வேற ஒருத்தன் வாங்குவான்ப்பா"ன்னார்.

வாங்குவான்தான். அந்த வேற ஒருத்தன் இதைப் படிக்கிற ஆளா இருக்கலாம்னுதான் எழுதினேன்.

டிஸ்கி: கென்யாப் படங்கள் அடுத்த பதிவுல. சத்தியமா.