ஏப்ரல் 1 என்னும் பொறி

பிப்ரவரி மாதத்தில் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அமெரிக்காவில் பொறியாளராக வேலை பார்த்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியவர். ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதும் இன்னும் அங்கே ஐ.ஆர்.ஏ. கணக்கில் இருக்கிறது. 1951இல் பிறந்தவர்; 2024இல் 73 வயது நிறைந்தது. அந்த ஆண்டு முதல் குறிப்பிட்ட தொகையை வருடந்தோறும் எடுத்தே ஆக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். முதல் முறைக்கு மட்டும் மறுவருடம் ஏப்ரல் 1 வரை அவகாசம் உண்டு. அதையும் தெரிந்துவைத்து, 2025 மார்ச்சில் பணத்தை எடுத்துவிட்டார். அந்த ஆண்டுக் கடமை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தார்.

தீரவில்லை. மார்ச்சில் எடுத்தது 2024க்கான தொகை. 2025க்கு உரியதை டிசம்பர் 31க்குள் தனியாக எடுத்திருக்க வேண்டும். கணக்கு நிறுவனம் நினைவூட்டி அனுப்பிய கடிதம், அவர் காலிசெய்துவிட்டு வந்த பழைய வீட்டுக்குப் போயிருந்தது.

இந்தக் கட்டாயத்தையே நான் குறை சொல்லவில்லை. உழைத்த காலத்தில் வரி கட்டாமல் சேர்த்த பணம் அது. என்றைக்காவது ஒருநாள் அரசு தன் பங்கைக் கேட்கத்தான் செய்யும். வயது வரம்பையும் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். 70½ ஆக இருந்தது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் 72 ஆனது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் 73 ஆனது. 1960இலோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு 75. வரி கட்டிய பணத்தைச் சேர்க்கும் ரோத் ஐ.ஆர்.ஏ.வில், உரிமையாளர் உயிரோடு இருக்கும்வரை கட்டாயமே இல்லை.

என் குறையெல்லாம் அந்த ஏப்ரல் 1 மீதுதான். சலுகை என்ற பெயரில் முதியவர்களைக் குழப்பும் தேதி அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய டிசம்பர் 31 அன்று இருந்த இருப்பை, வயதுக்குரிய எண்ணால் வகுக்க வேண்டும். 73 வயதுக்கு அந்த எண் 26.5. இருப்பு 5,30,000 டாலர் என்றால் 20,000 டாலர் எடுக்க வேண்டும். இதை ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டால், அடுத்த தவணையும் அதே ஆண்டில் வந்து சேரும். ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40,000 டாலர் வருமானம்! வரி விகிதம் உயரலாம். அங்கேயே வசிப்பவர்களுக்கு மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியமும் ஏறலாம். வேலையிலிருந்து ஓய்வுபெறும் ஆண்டிலேயே 73 வயதாகிறவர் போன்ற சிலருக்குத் தள்ளிப்போடுவதில் லாபம் இருக்கலாம். அந்தச் சிலருக்காக எல்லோரையும் இரண்டு தேதிகளுக்கு நடுவே நிறுத்த வேண்டுமா? டிசம்பர் 31 என்ற ஒரே தேதி போதும். அமெரிக்க நாடாளுமன்றம் மற்றதை நீக்கிவிட வேண்டும். அதுவரை, 73 வயதாகும் ஆண்டின் டிசம்பருக்குள்ளேயே முதல் தொகையை எடுத்துவிடுங்கள் என்பதே கேட்பவர்களுக்கெல்லாம் என் பதில்.

தவறவிட்டவர்கள் பதற வேண்டாம். ஆனால் தாமதிக்கவும் கூடாது. விடுபட்ட தொகையில் பாதியாக இருந்த அபராதம் இப்போது 25 சதவீதம். இரண்டு ஆண்டுகளுக்குள் சரிசெய்தால் 10 சதவீதம்தான். நியாயமான காரணத்தை எழுதி, 5329 என்ற படிவத்தோடு அனுப்பினால் வரித்துறை முழுவதையும் தள்ளுபடி செய்யவும் வாய்ப்பு உண்டு.

ஊர் திரும்பியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, இங்கே ஏப்ரலில். எடுத்த பணத்தை இந்திய வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும். எந்த நிதியாண்டில் காட்டுவது என்பதை எடுத்த தேதிதான் தீர்மானிக்கிறது.  நினைவூட்டல் கடிதம் பழைய வீட்டுக்குப் போகாமலிருக்க, முகவரி மாற்றத்தையும் கணக்கு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்; அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

பெரியவர் விடுபட்ட தொகையை அந்த வாரமே எடுத்துவிட்டார். பழைய வீட்டுக்குப் போன கடிதத்தையே காரணமாகக் காட்டிப் படிவத்தை அனுப்பியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

- கட்டுரையாளர், பட்டயக் கணக்காளர்.