கைமில்லில் காப்பிக்கொட்டை: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?



சுத்துக்கேணியிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பிரான்சில் வளர்ந்தவர். இனிப் புதுச்சேரியில் குடியிருக்கப் போகிறவர். அவருக்கு எஸ்பிரெஸோ காப்பிதான் பழக்கம் என்று கூறி, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சாமான் பட்டியலில் எஸ்பிரெஸோ இயந்திரம் ஒன்றும், கொட்டை அரைக்கும் கைமில் ஒன்றும் இடம் பெற்றிருக்கின்றனவாம். "என் மாமியார் காலத்து இரும்பு மில் பரணில் கிடக்கிறது, அது போதாதா? புதிதுதான் வேண்டுமென்றால் எதை வாங்குவது? ஒன்று ஆயிரம் ரூபாய் என்கிறார்கள், மற்றொன்று பதினைந்தாயிரம் என்கிறார்கள். இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்துகிறவள் நான்" என்பது அவர் வினா.

பட்டியலைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் மில்லைப் பார்ப்போம்.

எஸ்பிரெஸோ என்றவுடன் நம்மில் பலருக்குத் திருமண மண்டபங்களில் 'புஸ்' என்ற ஓசையுடன் நுரை பொங்கத் தருகிறார்களே, அதுதான் நினைவுக்கு வரும். அது உடனடிக் காப்பித்தூளில் நீராவியால் சூடேற்றிய பாலைச் சேர்த்துத் தருவது. பெயர் மட்டுமே எஸ்பிரெஸோ. உண்மையான எஸ்பிரெஸோ வேறு. சுமார் 18 கிராம் தூளைச் சிறு கிண்ணியில் இட்டு அழுத்தி, அதன் வழியே ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்துவார்கள். 25 முதல் 30 வினாடிக்குள் சுமார் 36 கிராம் கெட்டியான காப்பி இறங்க வேண்டும். தூள் சற்றுப் பருமனாக இருந்தால் பத்தே வினாடியில் தண்ணீர் போல ஓடிவிடும், புளிக்கும். மிகவும் நைஸாக இருந்தால் சொட்டுச் சொட்டாக விழும், கசக்கும். ஆகவே இங்கே இயந்திரத்தைக் காட்டிலும் அரவையே முக்கியம்.

நம் பித்தளைப் பில்டரின் தன்மை வேறு. அதில் அழுத்தம் கிடையாது. தண்ணீர் தன் எடையால் தானே மெல்ல இறங்குகிறது. தூளில் கொஞ்சம் குருணை, கொஞ்சம் மாவு கலந்திருந்தாலும் பில்டர் பொறுத்துக்கொள்ளும். பரணிலுள்ள இரும்பு மில் அதற்காகவே பிறந்தது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, மேலே கொட்டையைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றும் அந்த மில்லை இறக்கித் துடைத்து, அச்சைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடாவிட்டால் பில்டர் காப்பிக்குத் தாராளமாகப் பயன்படும். எஸ்பிரெஸோவுக்கு ஆகாது. அதன் பற்கள் ஒரே அளவாக அரைப்பதில்லை. நைஸாக அரைக்கத் திருகை இறுக்கினால், தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து இரும்பு வாடை வரும்.

பிரெஞ்சுக்காரர் வீடுகளில் இருந்த மரப்பெட்டி மில்லைப் புதுச்சேரியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் காணலாம். மேலே கைப்பிடி, கீழே தூள் விழும் சிறு இழுப்பறை. இன்று மோட்டார் காருக்குப் பெயர் பெற்ற பெஜோ நிறுவனம் 1840-ஆம் ஆண்டிலேயே காப்பி மில் செய்யத் தொடங்கிவிட்டது. கார் அதற்குப் பின் வந்ததே. பார்க்க அழகான பொருள்தான். ஆயினும் அதுவும் எஸ்பிரெஸோவுக்காகச் செய்யப்பட்டதன்று. துருக்கியரின் நீண்ட பித்தளை மில் நேர்மாறானது. அது கொட்டையைக் கோதுமை மாவு போல ஆக்கிவிடும். தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடிக்கும் துருக்கிக் காப்பிக்கு அது பொருந்தும். எஸ்பிரெஸோ கிண்ணியை அடைத்துவிடும்.

இனி, இப்போது கடைகளில் உள்ளவை. ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பீங்கான் பற்களே இருக்கும். துருப் பிடிக்காது, கழுவலாம் என்பது அதன் நன்மை. நடு அச்சைக் கீழ்ப்பக்கத்தில் உறுதியாகத் தாங்கும் அமைப்பு இல்லாததால் பல் ஆடும். அரவை ஏறுக்கு மாறாக இருக்கும். விலை கூடியவற்றில் எஃகுப் பற்களும், அச்சைத் தாங்கும் பேரிங்கும் உண்டு. 38 மில்லிமீட்டர் பல்லைவிட 48 மில்லிமீட்டர் பல் விரைந்து அரைக்கும். முன்னது எஸ்பிரெஸோ அளவுக்கு 18 கிராமை அரைத்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். பின்னது ஒரு நிமிடத்தை ஒட்டி முடித்துவிடும். ஐரோப்பியர் விரும்பும் இளவறுவல் கொட்டை கல் போல இருக்கும். நம் பக்கத்துக் கருவறுவல் எளிதில் நொறுங்கும். மூட்டு வலி உள்ளவர்கள் இதனை நினைவில் கொள்க.

பலர் கவனிக்காத நுட்பம் ஒன்றுண்டு. அரவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு 'கிளிக் கிளிக்' என்று நகரும் அல்லவா? ஒரு கிளிக்குக்குப் பல் எவ்வளவு நகர்கிறது என்பதே கேள்வி. நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். டைம்மோர் சி2 என்னும் மலிவான எஃகு மில்லில் ஒரு கிளிக் ஏறத்தாழ 80 மைக்ரான். ஒரு முடிக்கும் அதிகம். ஒரு கிளிக்கில் காப்பி ஓடும், அடுத்த கிளிக்கில் அடைத்துக்கொள்ளும். இடையில் நிறுத்த வழியில்லை. பில்டருக்கு அது அருமையான மில், எஸ்பிரெஸோவுக்கு வீண். அதே நிறுவனத்தின் சி3 இஎஸ்பி சுமார் 23 மைக்ரான், கிங்ரைண்டர் கே6 16 மைக்ரான், தைவான் நாட்டு 1இசட்-பிரெஸ்ஸோ ஜேஎக்ஸ்-புரோ 12.5 மைக்ரான் என நகர்கின்றன. இவை எஸ்பிரெஸோவுக்கு ஏற்றவை. பெரும்புகழ் பெற்ற ஜெர்மனியின் கமான்டான்டே சி40 சுமார் 30 மைக்ரான்தான் நகர்கிறது. அதைப் பாதியாக்கத் தனி உறுப்பு ஒன்றை மேலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எஸ்பிரெஸோவுக்காக மட்டும் வாங்குவோர் இவ்வளவு விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுத்தர விலையுள்ள கே6 போன்றது போதும்.

அதையும் வாங்குமுன் இயந்திரத்தின் கிண்ணியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நூற்றுக்கணக்கான துளைகள் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர். மேலே சொன்ன நுட்பமெல்லாம் அதற்குத் தேவை. அடியில் ஒரே ஒரு துளை இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணி. அழுத்தத்தை அக்கிண்ணியே உண்டாக்கிக்கொள்ளும். கடையில் அரைத்து வாங்கிய நைஸ் தூளே போதும், மில்லே வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கான மலிவு இயந்திரங்கள் பலவற்றில் இரட்டைச் சுவர்தான் வருகிறது. இதை அறியாமல் மில்லுக்குப் பணம் கொட்டியவர் பலர்.

கடைத் தூள் வாங்கும்போது உறையைப் படியுங்கள். காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது சட்டம். அப்படியானால் 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி எஸ்பிரெஸோவுக்கு ஆகாது. ஒரு குவளைத் தண்ணீரில் சிறிது தூளைத் தூவுங்கள். காப்பி மிதக்கும், சிக்கரி விரைவில் நிறத்தைக் கக்கிக்கொண்டே கீழே இறங்கும். கொட்டையாக வாங்கி அரைப்பதன் முதல் நன்மையே இந்த ஐயம் இல்லாமற் போவதுதான். இன்னொன்று, ஸஹர் நேரத்தில் மிக்ஸி போல அலறிக் குழந்தைகளை எழுப்பாது.

காப்பி நமக்கு அந்நியமான பானம் என்று எண்ண வேண்டாம். தமிழகத்தில் காப்பி ஒரு சாராருக்கும், தேநீர் முஸ்லிம்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் உரியவை என்றொரு பேச்சு நெடுநாள் இருந்தது. வரலாறோ வேறு. 15-ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க இதைப் பருகினர். 1511-இல் மக்காவில் அதிகாரி ஒருவர் இதைத் தடை செய்ததும், கெய்ரோவிலிருந்து அத்தடை தளர்த்தப்பட்டதும் உண்டு. பாபா புதன் என்னும் பெரியார் 17-ஆம் நூற்றாண்டில் மொக்காவிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டு வந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்று வழிவழியாகச் சொல்வர். அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இனிப் பட்டியல். சுத்துக்கேணிச் சகோதரியே, மாப்பிள்ளைக்குக் காப்பி பிடிக்கும் என்பது குற்றமன்று. அதன் விலையை உங்கள் பால் கணக்கில் எழுதுவதுதான் குற்றம். அன்னிஸா அத்தியாயத்தின் 4-ஆம் வசனம் மஹரைப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறது. பெண் வீட்டாரிடம் வாங்கச் சொல்லவில்லை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணையினின்று விலக்கி வைத்திருக்கிறது. வரதட்சணை கேட்பதையே தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. பட்டியலுக்கு 'சீர்' என்று பெயரிட்டாலும் கேட்டு வாங்குவது கைக்கூலியே. உங்கள் அண்ணன் அல்லது ஜமாஅத்தில் மதிப்புள்ள ஒருவர் மூலமாக, "இயந்திரத்தையும் மில்லையும் மாப்பிள்ளையே தம் விருப்பப்படி தேர்ந்து வாங்கிக்கொள்ளட்டும், அதில் அவருக்குத்தான் பழக்கம் அதிகம்" என்று மென்மையாகச் சொல்லி அனுப்புங்கள். நல்ல குடும்பமாயின் அத்தோடு விட்டுவிடுவார்கள். விடவில்லையென்றால், நிக்காஹுக்கு முன்பே அதை அறிந்துகொண்டது உங்கள் மகளுக்கு நல்லது. மாமியார் காலத்து இரும்பு மில்லை மகள் விரும்பினால் அன்பளிப்பாகக் கொடுங்கள். அது நீங்களாகக் கொடுப்பது.

யார் எந்த மில்லை வைத்திருந்தாலும், எஃகு, இரும்புப் பற்களில் தண்ணீர் படக்கூடாது. காய்ந்த தூரிகையால் துடைத்தால் போதும். துப்புரவுக்கென்று பச்சரிசி போட்டு அரைக்க வேண்டாம். அரிசி காப்பிக்கொட்டையைவிடக் கடினம், பல்லும் அச்சும் கெடும். அவசரத்துக்கு மிளகு அரைத்துவிட்டால் பிறகு ஒரு வாரம் மிளகுக் காப்பிதான்.