பிள்ளையை யாரிடம் விட்டு வேலைக்குப் போவது?



சென்ற நடவுக் காலத்தில் கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டம் பேசப் போயிருந்தேன். விடிந்து சிறிது நேரந்தான் ஆகியிருந்தது. தெருவில் பெண்கள் ஒருவருமில்லை. எல்லோரும் நடவுக்குப் போய்விட்டார்கள். ஒரு குடிசை வாசலில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள்.

"பள்ளிக்கூடம் போகலையாம்மா?" என்று கேட்டேன்.

"தம்பிய யாரு பாக்குறது மாமா? அம்மா நடவுக்குப் போயிருக்கு."

"பால்வாடி இருக்கே?"

"அது நேரங்கழிச்சித்தான் தொறப்பாங்க. இவன் இன்னும் நடக்கல, சேத்துக்க மாட்டாங்க."

அவளுக்குப் படிப்புப் போயிற்று. தம்பிக்குப் பகல் முழுவதும் தாய்ப்பால் போயிற்று. இதற்குப் பொறுப்பாளி யார்? சேற்றில் குனிந்து நிற்கும் அந்தத் தாயா?

"தாய்தான் பொறுப்பு, பிள்ளை வளர்ப்பது தாயின் தர்மம்" என்று உபதேசம் செய்கிறார்கள் சில பெரிய மனிதர்கள். அவர்கள் வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்ட ஓர் ஆயா இருக்கிறாள். அந்த ஆயாவின் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று ஒரு நாளாவது விசாரித்ததுண்டா?

நாற்று நடும் கை இல்லாமல் மிராசுதாருக்கு நெல் இல்லை. நூல் இழுக்கும் கை இல்லாமல் முதலாளிக்கு லாபம் இல்லை. நாளைக்கு அவர்களுக்காக உழைக்கப் போகிற கைகளும் இன்றைக்குத் தூளியில்தான் கிடக்கின்றன. அந்தத் தூளியை ஆட்டும் செலவு மட்டும் கூலிக்காரியின் தலையில் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் எழுதியது, முதலாளி செய்தது

பம்பாய் மில்களில் 1920-களில் வேலைக்குப் போன தாய்மார்கள், குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று அபினி கொடுத்துவிட்டுப் போனார்கள். தாய்க்கு அன்பில்லாமலா? குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. முதலாளி என்ன செய்தான்? தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் கல்யாணமாகாத இளம் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து விடுதியில் அடைத்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயரும் வைத்தார்கள். கல்யாணமாகாதவளுக்குப் பிள்ளை ஏது? பிள்ளை இல்லாத ஆலையில் காப்பகம் ஏது? கணக்கு ஒழுங்காக முடிந்தது!

2017-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஆணும் பெண்ணுமாக 50 பேர் இருந்தாலே காப்பகம் வைக்க வேண்டும் என்றது; தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களிலும் 50 பேர் என்ற விதி இருக்கிறது. ஆண்களையும் சேர்த்து எண்ணியது நல்லதே. பிள்ளை தகப்பனுக்கும் சொந்தந்தானே!

மில் தோழர்களே, உங்கள் ஆலையில் 50 பேர் இல்லையா? காப்பகம் எங்கே என்று கேளுங்கள். ஓர் அறையைக் காட்டினால் கதவைத் திறந்து பாருங்கள். தொட்டில் இருக்கிறதா, கழிவுப் பஞ்சு மூட்டை இருக்கிறதா?

மாவு உண்டு, மடி இல்லை

வயலில் குனியும் பெண்ணுக்கு அந்தக் காகிதச் சட்டமும் இல்லை. அவளுக்கு இருப்பது பால்வாடி ஒன்றே. 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய இத்திட்டத்தில், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இங்கே 1982-ல் சத்துணவு வந்தபோது 2 வயதுப் பிள்ளைக்கும் சூடான சோறு கிடைத்தது. ஏழை ஜனங்களுக்கு இது பெரிய பலன். இதை 'இலவசம்' என்று ஏளனம் செய்கிறவன், நம் பிள்ளையின் தட்டில் கை வைக்கப் பார்க்கிறவன்.

ஆனாலும் குறையைச் சொல்லத்தான் வேண்டும். கூலிக்காரியின் நாள் கருக்கலில் தொடங்குகிறது. பால்வாடியின் நாளோ ஆபீஸ் நேரத்தைப் பார்த்துத் தொடங்குகிறது. தவழும் பிள்ளைக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? மாவு உண்டு, மடி இல்லை!

டில்லி சர்க்காரும் இந்தக் குறையை ஒப்புக்கொண்டது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்ப்பதாக 2022-ல் 'பால்னா' என்று ஒரு திட்டம் போட்டது. எத்தனை இடத்தில்? 17 ஆயிரம். நாட்டில் உள்ள அங்கன்வாடிகளோ 13 லட்சத்துக்கு மேல். நூறு பால்வாடிக்கு ஒரு தொட்டில் அறை! மற்றத் தொண்ணூற்றொன்பது ஊரிலும் ஒன்பது வயது அக்காமார்களே காப்பகம்!

கௌரவத்துக்கு அரிசி கிடைக்குமா?

நம் பிள்ளையைப் பார்க்கும் டீச்சரையும் ஆயாவையும் நினைத்துப் பாருங்கள். சர்க்கார் அவர்களுக்கு வைத்த பெயர் 'கௌரவ ஊழியர்'. 2018 அக்டோபரில் டில்லி உயர்த்திய பிறகும் டீச்சருக்கு அது நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250. நாளுக்கு 75 ரூபாய்! மாநில சர்க்கார்கள் மேற்கொண்டு கொடுப்பதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது. கௌரவத்தை மளிகைக் கடையில் நீட்டினால் அரிசி அளந்து போடுவானா?

சர்க்கார், முதலாளி, தொழிலாளி மூவரும் உட்கார்ந்த 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று 2013-லேயே சிபாரிசு செய்தது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இவர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்பளித்தது. இது பகுதிநேர வேலை என்ற வாதத்தையும் தள்ளியது. இதற்குப் பிறகுமா கௌரவப் பட்டம்?

நூறு நாள் வேலை கொடுத்த 2005-ம் வருடத்துச் சட்டத்தில் ஒரு விதி எழுதப்பட்டது. வேலையிடத்துக்கு 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி போட வேண்டும் என்பது அந்த விதி. மண் வெட்டுவதும் வேலை, பிள்ளை பார்ப்பதும் வேலை. சரியான கணக்கு இதுதான்.

நமக்கும் ஒரு வார்த்தை

இதில் நம் தவறும் இருக்கிறது. சங்கத்தில் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது போனஸும் பஞ்சப்படியும் முதல் வரி; காப்பகம் கடைசி வரி. பேச்சுவார்த்தை இழுத்தால் முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்தக் கடைசி வரியைத்தான். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவன்தான். "பொம்பளைங்க விஷயம், பிறகு பார்க்கலாம்" என்று சொன்ன கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிறுமியின் முன்னே நின்றபோது அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது.

இனி அந்த வரி மேலே ஏற வேண்டும். 50 பேர் வேலை செய்யும் ஒவ்வோர் ஆலையிலும், ஷிப்டு நேரம் முழுவதும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும். கிராமத்துப் பால்வாடி, வேலைக் காலத்தில் விடியற்காலையே திறந்து தாய் திரும்பும் வரை இருக்க வேண்டும். கைக்குழந்தையையும் ஏற்க வேண்டும். நேரத்தைக் கூட்டு என்று டீச்சர் தலையில் ஏற்றிவிடக் கூடாது. கூடுதல் ஆளும், எல்லோருக்கும் முழுச் சம்பளமும் வேண்டும். டீச்சர்களும் ஆயாக்களும் தெருவில் இறங்கிக் கொடி பிடிக்கும்போது, நம் பிள்ளைக்காகவும்தான் பிடிக்கிறார்கள் என்று நாம் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

மே 1-ல் கிராம சபை கூடுகிறது. நடவுக்குப் போகும் பெண்களே முன்வரிசையில் உட்கார்ந்து, காப்பகம் கேட்டுத் தீர்மானம் எழுத வையுங்கள். ஆண் தோழர்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நில்லுங்கள்.

அடுத்த நடவுக்குள் அந்தச் சிறுமியின் இடுப்பிலிருந்து தம்பி இறங்க வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும்!