சதுரம் சதுரமா தெரியுதா மக்கா?

டேப்லெட் வாங்கியாச்சு. படம் பார்த்தாச்சு, கேம் ஆடியாச்சு, ஸ்கிரீன்ல கீறலும் விழுந்தாச்சு. இனி செமினார் பேப்பர், அசைன்மென்ட், காலேஜ் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரைன்னு தமிழ்ல ஏதாவது எழுதியே ஆகணும். ஆப் ஸ்டோர்ல 'நோட்ஸ்'னு தேடினா, வடசேரி சந்தை மாதிரி கொட்டிக் கிடக்கு. கலர் கலரா பேனா, ஸ்டிக்கர், ஏ.ஐ. உதவி... இதுல எதை எடுக்க?

ஒரே வரியில பதில் சொல்லிடறேன். நீங்க எழுதினது, அந்த ஆப் இல்லாமலும் திறக்கணும். அவ்ளோதான் மேட்டர்!

இதுக்குப் போய் ஏன் இவ்ளோ பில்டப்னு கேட்பீங்க. 2000-கள்ல காலேஜ் படிச்ச உங்க சித்தப்பாவையோ அத்தையையோ கேட்டுப் பாருங்க. அப்போ கம்ப்யூட்டர்ல தமிழ்னா ஆளுக்கொரு ஃபான்ட். ஒருத்தர் பாமினி, இன்னொருத்தர் டிஸ்கி, வேறொருத்தர் டாப். பாமினியில 'அம்மா'ன்னு அடிச்ச கோப்பை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா என்ன வரும் தெரியுமா? ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடியும் கே, அப்புறம் ஹெச். அம்மாவையே காணோம்! சில ஃபான்ட்ல அடிச்சது வெறும் சதுரம் சதுரமா நின்னுச்சு.

இன்னொரு பக்கம் பாருங்க. நம்ம ஊர் வில்லுப்பாட்டுக் கதைகள் பலதும் ஓலையில இருந்தது. அ.கா. பெருமாள் மாதிரி ஆய்வாளர்கள் அந்தச் சுவடிகளைத் தேடிப் பிடிச்சு, படிச்சு, அச்சுல கொண்டுவந்தாங்க. எத்தனையோ வருஷத்துக்கு முந்தின ஓலையைப் படிக்க முடியுது. இருபது வருஷத்துக்கு முந்தின கோப்பைப் படிக்க முடியலை. தப்பு தமிழ்மேல இல்லை, சேமிச்ச முறைமேல.

யூனிகோட் வந்துதான் இந்தக் கூத்துக்கு முடிவு கட்டுச்சு. 1991-ல வந்த அதோட முதல் பதிப்புலயே தமிழுக்கு இடம் இருந்தது. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையை 1992-ல கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உருவாக்கினாங்க. இன்னைக்கு போன், டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாமே இதைப் படிக்கும். அலங்காரம் எதுவும் இல்லாத டெக்ஸ்ட் கோப்பு, அதாவது பெயர் 'டாட் டிஎக்ஸ்டி'ன்னு முடியற கோப்பு இருக்குல்ல, அதுதான் நம்ம காலத்து ஓலை. எடையும் குறைவு. ஆயிரம் வார்த்தைக் கட்டுரை தோராயமா 25 கேபிதான். 2.5 எம்பி செல்ஃபி ஒண்ணு பிடிக்கிற இடத்துல நூறு கட்டுரை வைக்கலாம்!

முதல்ல கீபோர்டு, அப்புறம்தான் ஆப்

நிறையப் பேர் குழம்பறது இங்கதான். தமிழ் அடிக்கிறது ஆப்போட வேலை இல்லை, கீபோர்டோட வேலை. ஆண்ட்ராய்டுன்னா ஜிபோர்டுல தமிழைச் சேர்த்துக்கலாம். முத்து நெடுமாறனோட செல்லினத்துல தமிழ்99, அஞ்சல் ரெண்டு விசைமுறையும் உண்டு. ஐபேடுக்கு 2013-ல ஐஓஎஸ் 7-லயே இந்த ரெண்டும் வந்தாச்சு. ஆங்கில எழுத்துல அடிச்சுத் தமிழாக்குறது சட்டுனு கைக்கு வரும். தமிழ்99 பழக ஒரு வாரம் ஆகும். பழகிட்டா விசைத் தட்டல் குறையும், கையும் வலிக்காது. மூணு வருஷம் எழுதப் போறவங்க அந்த ஒரு வாரத்தைக் கொடுக்கலாம், தப்பில்லை.

நாலே நாலு டெஸ்ட்

எந்த ஆப்பா இருந்தாலும் இதுல பாஸானாதான் உள்ளே விடுங்க.

1. ஏரோப்ளேன் மோட் டெஸ்ட்: நெட்டை அணைச்சுட்டுப் பத்து வரி எழுதுங்க. ஆப்பை மூடித் திறங்க. அத்தனையும் இருக்கா? பேச்சிப்பாறைப் பக்கம் ஃபீல்டு ஒர்க் போற அன்னைக்கு சிக்னல் கூடவே வரும்னு யாரும் சத்தியம் பண்ணலை.

2. வெளியே எடு டெஸ்ட்: எழுதினதை டெக்ஸ்ட் கோப்பா வெளியே எடுத்து, ஃப்ரெண்டோட போன்ல திறந்து பாருங்க. 'எங்க ஆப்பை இன்ஸ்டால் பண்ணு'ன்னு கேட்டா, ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

3. நாகர்கோவில் டெஸ்ட்: நம்ம கண்ணுக்கு 'நாகர்கோவில்' ஆறு எழுத்து. யூனிகோட் கணக்குல பதினொண்ணு. துணைக்காலும் புள்ளியும் தனித்தனியா எண்ணப்படும். 'கோ'வோட குறியை ஒரே துண்டாவும் சேமிக்கலாம், ரெட்டைக்கொம்பு, கால்னு ரெண்டு துண்டாவும் சேமிக்கலாம். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா சில ஆப் தேடும்போது ஒண்ணைப் பிடிச்சு இன்னொண்ணை விட்டுடும். அதனால நீங்க அடிச்ச வரியையும், வேற இடத்துல இருந்து காப்பி பண்ணின வரியையும் வெச்சு 'கோவில்'னு தேடிப் பாருங்க.

4. பாரம் தூக்கும் டெஸ்ட்: இருபது பக்கத்தை மொத்தமா ஒட்டுங்க. நடுவுல ஒரு வார்த்தையைத் திருத்துங்க. கர்சர் திணறினா புராஜெக்ட் நேரத்துல நீங்களும் திணறுவீங்க.

செரி, பேரைச் சொல்லு!

ஆண்ட்ராய்டுக்கு மார்க்கர்னு ஒரு ஆப். எஃப்-டிராய்டுல இலவசம். அக்கவுன்ட் கேட்காது, நெட் கேட்காது. எழுதினது சாதாரண டெக்ஸ்ட் கோப்பா உங்க ஃபோல்டர்லயே இருக்கும். கூகுள் கீப் சட்டுனு குறிச்சு வைக்க நல்லது. நீளமா எழுத வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஒரே பேப்பரை எழுதணும்னா கூகுள் டாக்ஸ்தான் சரி. எழுதி முடிச்சதும் 'பிளெயின் டெக்ஸ்ட்'ல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோங்க. தடித்த எழுத்து, அட்டவணை, படமெல்லாம் டெக்ஸ்ட் கோப்புல கிடையாது. அதெல்லாம் கடைசி நாள் ஒப்பனை. முதல்ல விஷயத்தை எழுதுங்க.

பெரிய கம்பெனி ஆப்தானே, என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க. உலகமே கொண்டாடின எவர்நோட், 2023 டிசம்பர்ல இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே நோட்புக்னு கோடு போட்டுடுச்சு. பழைய குறிப்பு பத்திரமாத்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டினவங்க புதுசா எழுத வழியில்லாம நின்னாங்க. கடைக்காரர் விதியை மாத்துவார். அது அவர் கடை. ஆனா எழுத்து உங்களோடது.

இந்த வார வேலை: வீட்டுல பாட்டி இருக்காங்களா? அவங்க பேச்சுல மட்டும் வர்ற, உங்க பேச்சுல வராத இருபது வார்த்தையைக் கேட்டு எழுதுங்க. பொருளும் சேர்த்து. அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க, திருத்தாதீங்க. தேதி போட்டு டெக்ஸ்ட் கோப்பா டேப்லெட்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணுன்னு வைங்க. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு எந்த ஆப் இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அந்த இருபது வார்த்தை அப்பவும் திறக்கணும்.

வரட்டா மக்கா!