பழைய சாகாவும் பின் சீட்டுப் பிள்ளைகளும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலை. பினாங்குப் பாலத்தைக் கடக்க, பிறைப் பக்கத்து டோலில் காடிகள் வரிசை கட்டி நின்றன. எங்களுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பழைய புரோட்டோன் சாகா. முன்னால் இருவர், பின்னால் ஐந்து பேர், பாட்டியின் மடியில் ஒரு கைப்பிள்ளை. தண்ணீர்மலைக்குப் போகிற குடும்பம். பால்குடத்தைத் துணியால் சுற்றி, உருண்டுவிடாதபடி காலிடுக்கில் இறுக்கி வைத்திருந்தார்கள். கைப்பிள்ளையைப் பிடித்திருந்தது பாட்டியின் கை மட்டும்தான்.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பஸ் எட்டிப் பார்க்காத தோட்டத்துக்கு அந்தக் காடிதான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ், கல்யாண ஊர்வலமும் அதுதான். லயத்து வாசலில் முதன்முதலாக ஒரு சாகா வந்து நின்ற நாளைப் பல குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. 1985-ல் சாகா பிறந்தது. பாலம் திறந்ததும் அதே ஆண்டில்தான். அன்றைய பிரதமர் மகாதீர் தாமே ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நம்ம நாட்டுக் காடி என்ற பெருமை நமக்கும் இருந்தது, இருக்கிறது.

ஆனால் பெருமை வேறு, பாதுகாப்பு வேறு அல்லவா?

"அந்தக் காலத்துக் காடி இரும்புங்க, இப்ப வர்றதெல்லாம் டின்னுங்க" என்று காப்பிக் கடையில் அடித்துப் பேசுகிறார்கள். இது தப்புக் கணக்கு. காடி மோதும்போது முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் உட்காரும் கூண்டு நசுங்கக்கூடாது. நசுங்கிய பானெட்டைப் பார்த்து "டின்" என்று சிரிக்கிறோம். அந்த டின்தான் உள்ளே இருக்கிறவனின் நெஞ்சுக்கு வரவேண்டிய அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டது.

ஆசியான் என்கேப் என்ற சோதனை அமைப்பு 2011-ல் அமைந்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காடியைக் கொண்டுபோய், எதிரே வரும் காடிக்குப் பதிலாக வைத்த அலுமினியத் தடுப்பில், முன்பக்கத்தின் 40 விழுக்காடு மட்டும் இடிக்கும்படி மோத விடுகிறார்கள். உள்ளே மனிதனுக்குப் பதில் பொம்மைகள். தலை, கழுத்து, நெஞ்சு, தொடை எவ்வளவு அடி வாங்கின என்று அளந்து நட்சத்திரம் போடுகிறார்கள். 2016-ல் வந்த புதிய சாகாவுக்கு 4 நட்சத்திரம் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் நம்மவர் கையில் இருக்கும் பழைய சாகாவும் ஈஸ்வராவும் அந்தக் கணக்கிலேயே சேராதவை. 1980-களின் தொடக்கத்து மிட்சுபிஷி லான்சரை வைத்துச் செய்த காடி அது, காற்றுப்பை கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் புதிய சாகாவின் நட்சத்திரம் பழைய சாகாவில் வந்து ஒட்டிக்கொள்ளாது.

64 தானே என்று நினைக்கவேண்டாம். அந்த வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நெட்டைத் தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். பாலத்தில் 80 வரை போகலாம், நெடுஞ்சாலையில் 110 வரை. 110-ல் மோதினால் அடியின் பலம் 64-ல் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

இன்னொன்று: சோதனையில் அந்தப் பொம்மைகளுக்கே பெல்ட் போட்டுத்தான் உட்கார வைக்கிறார்கள். பெல்ட் இல்லாத மனிதனுக்கு 4 நட்சத்திரக் காடியும் பாதித் துணைதான். 10 கிலோ எடையுள்ள பிள்ளையை மடியில் வைத்திருக்கிறோம். 64-ல் போகிற காடி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுபோனால், அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த 180 கிலோ அளவுக்குப் பலம் வேண்டும். மூன்று மூட்டை அரிசிக்கு மேல்! எந்தப் பாட்டியின் கை தாங்கும்? பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் முன்சீட்டின் மேல் வந்து விழுவார்; பெல்ட் போட்டு ஒழுங்காக ஓட்டிய மகன் தன் தாயின் எடையாலேயே அடிபடுவான்.

சட்டம் என்ன சொல்கிறது? முன்சீட்டுப் பெல்ட் 1979-லிருந்தும், பின்சீட்டுப் பெல்ட் 2009-லிருந்தும் கட்டாயம். 2020-லிருந்து பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும். ஆனால் 1995-க்கு முன் பதிவான காடிகளுக்குப் பின்சீட்டுப் பெல்ட் விஷயத்தில் விலக்கு உண்டு. ஏழைக்குச் செலவு வைக்கவேண்டாம் என்ற நல்லெண்ணமாகவே இருக்கட்டும். மன்னிக்கவேண்டும், எனக்கு இது நியாயமாகப் படவில்லை. வசதியுள்ளவன் புதுக் காடி வாங்கித் தப்பிக்கிறான்; வசதியில்லாதவனுக்கு அபராதத்திலிருந்துதான் விலக்கு. அடியிலிருந்து யார் விலக்குக் கொடுப்பது? பெல்ட்டே இல்லாத பின்சீட்டில், பெல்ட்டால் கட்டவேண்டிய பிள்ளை இருக்கையை எதில் கட்டுவது?

விலக்குக் கொடுத்தவர்களே பெல்ட்டுக்கும் வழி செய்யவேண்டும். பழைய காடி கைமாறும்போது பரிசோதனைக்குப் போகிறது அல்லவா? அந்த இடத்திலேயே, மாட்டுவதற்கு வசதியுள்ள காடிகளுக்குக் குறைந்த விலையில் பின்சீட்டுப் பெல்ட் போட்டுக் கொடுக்கலாம். தொழிற்சங்கத் தலைவர்கள் தீபாவளிக்கு அன்பளிப்பு வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை; இதையும் ஒரு கோரிக்கையாக வைத்தால் என்ன?

அதுவரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் "அண்ணே, பின் சீட்டைத் தூக்கிப் பாருங்க, பெல்ட் மாட்டுற ஓட்டை இருக்கா?" என்று கேளுங்கள். சில காடிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாத இடத்தில், துருப்பிடித்த தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வது வீண் வேலை. இழுத்தால் தகரத்தோடு வந்துவிடும். அப்படிப்பட்ட காடியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாமல், பூசத்துக்கு நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடியுங்கள். வாடகைக்கு எடுக்குமுன் அதன் பின்சீட்டிலும் பெல்ட் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.